மரைக்காயர் என்னும் பெயரும் மரபணுவின் சான்றும்

நம் கடற்கரை ஊர்களில் திருமணப் பேச்சு தொடங்குங்கால், மணமகனின் கல்வியையும் ஒழுக்கத்தையும் வினவுவதற்கு முன்பே, 'அவர்கள் மரைக்காயரா, லெப்பையா, இராவுத்தரா?' என்னும் வினா எழுந்துவிடுகிறது. அண்மைக் காலமாக இவ்வினாவிற்கு அறிவியலின் துணையும் தேடப்படுகிறது. சிறு குப்பியொன்றில் எச்சிலை உமிழ்ந்து அனுப்பினால், முன்னோர் எந்நாட்டினர் என்பதை விழுக்காட்டுக் கணக்கோடு எழுதித் தருகின்ற நிறுவனங்கள் பல தோன்றியுள்ளன. வெளிநாட்டில் பணிபுரியும் நம் பழைய மாணவர் சிலர் இச்சோதனையைச் செய்து, வந்த தாளை நம்மிடம் காட்டியதுண்டு. 'பெயரோ மரைக்காயர், அரபு வழி இவ்வளவு குறைவாகக் காட்டுகிறதே!' என்று அவர்களுள் ஒருவர் வருந்தினார். அவ்வருத்தம் தேவையற்றது என்பதே நம் கருத்து. மரைக்காயர் என்பது ஒரு தொழிலையும் ஒரு தகுதியையும் சுட்டிப் பிறந்த பெயர். அப்பெயரிடம் போய்க் குருதியின் வரலாற்றைக் கேட்பது பொருந்தாது. தமிழ் பயிற்றுவிப்போர் என்னும் முறையில் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

இப்பெயருக்கு இருவகை விளக்கங்கள் நெடுநாளாக வழங்கிவருகின்றன. மரக்கலம் என்னும் தமிழ்ச்சொல்லடியாக, மரக்கலராயர் என நின்று, நாளடைவில் மரக்காயர், மரைக்காயர் என மருவியது என்பது ஒன்று. கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே மூலம் என்பது மற்றொன்று. இரண்டும் கப்பலையே சுட்டுவதால், எதைக் கொண்டாலும் கடலோடி என்னும் பொருளில் மாற்றமில்லை. ஆயினும் எது பொருத்தம் என்று கூர்ந்து நோக்கின், தமிழ் விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. அரபியிலிருந்து நம் வீட்டு வழக்கிற்கு வந்த சொற்களில் ஈற்றுப் பகர ஓசை கெடுவதில்லை. கிதாப் என்பது கித்தாபு ஆயிற்று. ஜவாப் என்பது ஜவாபு ஆயிற்று. அவ்வாறாயின் 'மர்கப்' மட்டும் பகரத்தை முற்றும் இழந்து 'மரக்கா' என நின்றது எவ்வாறு? மேலும், இலங்கையில் சிங்கள மக்கள் சோனகரைப் பேச்சுவழக்கில் 'மரக்கல' என்றே குறித்துவந்தனர். தமிழில் நாம் இழந்துவிட்ட லகர ஓசை அங்கே அப்படியே நிற்கிறது. தென்கன்னடக் கடற்கரையில் மொகவீரர் எனப்படும் இந்து மீனவ மக்களுக்கு 'மரகால' என்னும் பெயரும் உண்டு. அரபு நாட்டோடு குலத் தொடர்பு எதுவும் கோராத மக்கள் அவர்கள். கலம் செலுத்தினோர் எம்மதத்தினராயினும் இச்சொல் அவர்களைச் சேர்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்ற இரு பெயர்களும் இத்தகையனவே. இராவுத்தர் என்பது குதிரை வீரனைக் குறித்து வடபுலத்து மொழிகளிலிருந்து வந்த சொல். அருணகிரிநாதர் மயிலேறும் முருகப்பெருமானையே இப்பெயரால் விளிக்கின்றார் என்பது இலக்கிய மாணவர் அறிந்ததே. அன்று அச்சொல் சமயத்தைக் காட்டவில்லை. ஏறிச் செலுத்தும் திறனையே காட்டிற்று. லெப்பை என்பதற்கு, அழைத்தவர்க்கு 'இதோ வந்தேன்' என மறுமொழி கூறும் 'லப்பைக்' என்னும் அரபுச் சொல்லை மூலமாகக் காட்டுவர். காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களில் அது மார்க்கக் கல்வி கற்பித்தவரைச் சுட்டிற்று. தமிழகத்தின் வடபகுதியிலோ பெருந்தொகையான ஒரு சமூகத்தையே சுட்டுகிறது. கடல் கடந்து மலாய் மொழியில் 'லெபாய்' எனப் புகுந்து, பள்ளிவாசலில் பணிசெய்யும் மார்க்கமறிந்தவரைக் குறித்தது. ஒரு சொல் ஓரிடத்தில் பதவி, ஓரிடத்தில் குலம், ஓரிடத்தில் பணி. கீழக்கரை மகான் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் இயற்பெயர் சையிது முகம்மது. அவர்தம் பெயரில் சையிதும் இருக்கிறது, லெப்பையும் இருக்கிறது, மருமகனாய் வந்ததைக் காட்டும் மாப்பிள்ளையும் இருக்கிறது. இவற்றுள் எதைக் குலம் என்பது?

இனி, மரைக்காயர் என்னும் பெயர் பரவிய வழியைக் காண்போம். நிலப்படத்தை விரித்து, பழவேற்காடு தொடங்கித் தெற்கே பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், இராமேசுவரம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று கோடிழுத்தால், அப்பெயரின் வரலாறே கோடாக நிற்கும். உள்நாட்டில் அது அருகியே காணப்படும்; அங்கே இராவுத்தர் மிகுதி. கலம் நின்ற இடமெல்லாம் பெயரும் நின்றது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்குத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி, கீழக்கரையில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் ஆவார். அக்காவியப் பணி அவருக்குப்பின் தொடர ஆதரவளித்த அபுல்காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டையினர். ஒரு காவியத்தைக் காக்க இரு துறைமுகங்களின் செல்வம் வேண்டியிருந்தது. அக்காலத்து வாணிகத்தின் வளத்தையும் அதை ஈட்டியோரின் தமிழ்ப்பற்றையும் இதனால் உணரலாம். நம் காலத்திற்கு அண்மையில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்தவர். ஆயினும் மகனாரின் பெயரில் அப்பட்டம் இல்லை. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளே நின்றன. தமிழர் மரபில் பட்டப்பெயர் வேண்டியபோது அணியவும் வேண்டாதபோது களையவும் கூடிய ஆடை போன்றதாகவே இருந்துவந்துள்ளது.

மேற்கே சென்றால், கொச்சியில் அரிசி வாணிகம் செய்த மரைக்காயர்களைப் போர்த்துகீசியர் தம் ஏடுகளில் 'மெர்க்கார்' என்று எழுதிவைத்தனர். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாய் விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர். அவர்களுள் நான்காமவர் 1600 ஆம் ஆண்டு கோவாவில் போர்த்துகீசியரால் தலை துணிக்கப்பட்டார். குஞ்ஞாலி என்பதும் அங்கே தலைவனுக்குரிய சிறப்புப் பெயராயிற்று. இலங்கையில் இப்பெயர் மரிக்கார் என வழங்குகிறது. 1956 இல் அமைந்த பண்டாரநாயக்க அமைச்சரவையில் சி.ஏ.எஸ். மரிக்கார் இடம்பெற்றிருந்தார். கிழக்கே பினாங்கில் அது மெரிக்கான் ஆயிற்று. 1801 ஆம் ஆண்டளவில் அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் மொகிதீன் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். அவர் வழியினர் மெரிக்கான் என்னும் பெயரைப் போற்றிக் காத்தனர். இன்று மலேசியாவில் மெரிக்கான் என்னும் பெயருடைய குடும்பங்களுள் பல மலாய் மக்களாகவே தம்மைக் கருதுகின்றன. மலாய் மொழியே அவர்களின் வீட்டு மொழி. பெண்களும் அப்பெயரைத் தாங்குகின்றனர். நம் ஊரிலோ மரைக்காயர் என்பது பெண்ணின் பெயரோடு ஒட்டுவதே இல்லை. அவளுக்கு நாச்சியார், பீவி, உம்மாள் என்பனவே உரியன. ஒரே பெயர், அரசாங்கப் பதிவேட்டின் வழக்கத்திற்கேற்ப, ஓரிடத்தில் குடும்பப் பெயராய் இறுகிற்று. மற்றோரிடத்தில் பட்டமாய்த் தளர்ந்து நின்றது.

அரபு வழியினர் என்னும் மரபுக்கு அடிப்படையே இல்லை என்பது நம் கருத்தன்று. வாணிகத்தின் பொருட்டு வந்தோர் பலர். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ கண்ட காயல், குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் வணிகர்கள் அவ்வாணிகத்தில் ஓங்கியிருந்தனர். அவர்களைச் சார்ந்த தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியர்தம் அமைச்சராகவே விளங்கினார் என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். இத்தகையோர் இங்கு மணந்து, இங்கே மடிந்தனர் என்பதில் வியப்பில்லை. ஆனால் வந்தவர் எத்தனை பேர், இங்கிருந்தே இசுலாத்தைத் தழுவிக் கலம் ஏறியோர் எத்தனை பேர் என்று கேட்டால், பெயர் விடை தராது. இருவருக்கும் அது ஒன்றே.

குலக்கதைகள் எவ்வாறு இடம்பெயரும் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். ஈராக்கின் ஆளுநராயிருந்த ஹஜ்ஜாஜ் இப்னு யூசுப் (இறப்பு: 714) என்பாரின் கொடுமைக்கு அஞ்சி ஹாஷிம் குலத்தார் கடல் கடந்து வந்தனர் என்பது பழைய கதை. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதைக் குறித்துள்ளார். அவர் கேட்ட வடிவில், கொங்கணக் கரையில் இறங்கியோர் வழியினர் நவாயத்துகள். குமரிமுனைக்குக் கிழக்கே இறங்கியோர் வழியினர் லெப்பைகள். மரைக்காயர் பெயர் அதில் இல்லை! நவாயத்துகளோ லெப்பைகளைத் தம் உறவினராக ஒப்பாமல், அடிமைகளின் வழியினர் என்று கூறியதாகவும் அவரே எழுதுகின்றார். இன்று நம் ஊர்களில் அரபு வழி என்னும் பெருமையை மரைக்காயர் தமக்கே உரியதாக்கி, லெப்பையரை ஒருபடி தாழ்த்திப் பேசுவோர் உளர். இரு நூற்றாண்டுகளுக்குமுன் சொல்லப்பட்ட கதையில் அப்பெருமை லெப்பையரிடம் இருந்தது. யார் சொல்கிறாரோ அவர் மேலே, மற்றவர் கீழே; கதையின் இயல்பே அதுவாயிற்று.

இலங்கையில் இச்செய்தி அரசியலாகவே மாறிற்று. 1888 ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஒரு கட்டுரை படைத்தார். சட்ட நிரூபண சபையில் முசுலிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்திருந்த காலம் அது. அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் ஒரு நூல் வெளியிட்டு, சோனகர் அரபு வழியினரே என நிறுவ முயன்றார். இருவரும் கற்றறிந்தோர், இருவர் வாதத்திலும் உண்மையின் கூறு உண்டு. ஆயினும் இருவரும் ஒரே தவற்றைச் செய்தனர் என்போம். ஒரு மக்கள் தொகுதியின் உரிமையைத் தந்தைவழி மூதாதை எவர் என்பதைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள். தனி உறுப்பினர் வேண்டுவோர்க்குத் தம் சமயமும் வாழ்க்கை முறையுமே போதுமான காரணமாகும்.

அக்காலத்தில் பெயரையும் பழக்கவழக்கத்தையும் வைத்து வாதிட்டதை இக்காலத்தில் மரபணுவை வைத்து வாதிடுகிறோம். ஆகவே அச்சோதனை எதைக் காட்டும் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். ஒய் குரோமோசோம் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது; குடும்பப் பெயரும் மேலைநாட்டில் அவ்வழியே செல்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே பெயருடையோர் ஒரே மூதாதையின் வழியினரா என்பது புலப்படும். இங்கிலாந்தில் சைக்ஸ் என்னும் பெயருடைய ஆடவரிடம் இவ்வாய்வு செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே வகை ஒய் குரோமோசோமைப் பெற்றிருந்தனர். பெயர் ஒருவரிடமே தோன்றியிருக்கலாம் என முடிவு கூறப்பட்டது. பின்னர் 2009 இல் வெளிவந்த விரிவான ஆய்வு, 40 பிரித்தானியக் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டது. அரிய பெயர்களில் ஒற்றுமை மிகுதி. ஸ்மித் போன்ற பெருவழக்கான பெயரில் ஒற்றுமையே காணப்படவில்லை. ஸ்மித் என்பது கொல்லனைக் குறிக்கும் பெயர். ஊர்தோறும் கொல்லர் இருந்தனர். ஊர்தோறும் தனித்தனியே அப்பெயர் பிறந்தது. துறைதோறும் கலம் இருந்த நம் கடற்கரையில் மரைக்காயர் என்னும் பெயரும் ஸ்மித்தைப் போன்றதேயன்றிச் சைக்ஸைப் போன்றதன்று.

பெருமானாரின் வழித்தோன்றல் எனப்படும் சையிதுகளிடமும் இத்தகைய ஆய்வு நடந்தது. 2010 இல் வெளியான அவ்வாய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்துச் சையிதுகளின் ஒய் குரோமோசோம்களில் அரபு வழிக் கூறு மற்றவரிடம் உள்ளதைவிட மிகுதி. ஆனால் அண்மைக் காலத்து ஒரே தந்தைவழி மூதாதைக்குச் சான்று கிட்டவில்லை. அதே காலத்தில் இந்திய முசுலிம்கள் பலரிடையே நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வு, அவர்கள் பெரும்பாலும் அண்டையில் வாழும் பிற சமயத்தாரையே மரபணுவால் ஒத்திருப்பதைக் காட்டிற்று. வெளியிலிருந்து வந்த சிறு கூறும் நேரே அரபு நாட்டிலிருந்து என்பதைவிட ஈரான், நடு ஆசியா ஆகிய பகுதிகளிலிருந்தே மிகுதியாக வந்தது என்றது. கீஷ் தீவின் குதிரை வணிகரை எண்ணிப்பார்ப்போர்க்கு இது விந்தையாகத் தோன்றாது. ஆனால் ஒன்றைக் கூறவேண்டும். அவ்வாய்வில் தமிழகத்திலிருந்து எடுக்கப்பட்டோர் தாவூதி போரா மக்கள், மரைக்காயர் அல்லர். ஆதலின் அதன் எண்களைக் கொண்டு கீழக்கரையாரையும் காயலாரையும் அளக்க முனைவது முறையன்று.

நம் வருத்தமெல்லாம், இவ்விவாதங்களில் தாய்மார் எங்கே என்பதுதான். பத்துத் தலைமுறைக்கு மேலே சென்றால் ஒருவருக்கு மூதாதையர் இடம் 1,024. ஒய் குரோமோசோம் அவர்களுள் ஒருவரை மட்டுமே காட்டும். எஞ்சிய 1,023 பேரைப்பற்றி அது வாய் திறவாது. அரபு வணிகர் இங்கு வந்து இந்நாட்டுப் பெண்களை மணந்தனர் என்பது நம் மரபுரையே. அவ்வாறாயின், அம்மரபை முற்றும் நம்பினாலும், முதல் தலைமுறையிலேயே பாதி இம்மண்ணுக்குரியது. நமக்குத் தாலாட்டுப் பாடியவர் அவர். தமிழைத் தந்தவரும் அவரே.

பெயர் தந்தைவழியாக வந்தாலும் நம் கடற்கரையில் வீடு தாய்வழியாகவே வந்துள்ளது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மணமகள் வீட்டிற்குச் செல்வான். வீடு பெண்ணுக்கே எழுதப்படும். உம்மாவும் உம்மாவின் உம்மாவும் வாழ்ந்த அதே முற்றத்தில் பெண் பிள்ளை வளர்கிறாள். இலங்கையின் கிழக்குக் கரையில் இது மேலும் தெளிவாக நிற்கிறது. அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் முசுலிம்கள் 'குடி' என்னும் பிரிவுகளைத் தாய்வழியாகவே எண்ணுகின்றனர். அண்டையில் வாழும் தமிழ் இந்துக்களிடமும் அதே முறை உண்டு. அக்குடிகளின் சார்பில் பள்ளிவாசல் பொறுப்பில் அமர்பவருக்கு அங்கே வழங்கும் பெயர் யாது? மரைக்காயர் என்பதே. அமெரிக்க மானிடவியலார் டென்னிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். தாயின் குடியைச் சார்ந்தவர் என்பதால் ஒருவர் மரைக்காயராகிறார். அவருடைய மகனோ தன் தாயின் குடியைச் சேர்ந்தவன் ஆதலின் அப்பதவி அவனுக்கு இறங்குவதில்லை. அங்கே சென்று ஒய் குரோமோசோமைச் சோதித்து மரைக்காயர் வழியைத் தேடினால், தேடுபவரே நகைப்புக்கு இடமாவார்.

தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோ, லெப்பை என்னும் ஒரே தலைப்பின்கீழ் இராவுத்தரையும் மரைக்காயரையும் அடக்கி, பேச்சுமொழி தமிழாயினும் உருதுவாயினும் ஆகுக என்று முடித்துவிட்டது. 2007 இல் முசுலிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டபோதும் இவ்வாறே. நம் மாணவர் கல்லூரியில் சேர வரும்போது இச்சான்றிதழை மகிழ்வோடு நீட்டுகின்றனர். எவரும் 'எம்மை லெப்பையரோடு சேர்க்கலாகாது' என்று மறுத்ததாக நாம் அறியோம். கல்லூரி இடத்திற்கு ஒன்றாயிருப்போர் மணவறைக்கு மட்டும் மூன்றாய்ப் பிரிவது ஏன்? பெற்றோர் இருவரும் உடன்பட்டு, நாளும் குறித்தபின், இப்பெயர் வேற்றுமை ஒன்றையே காரணமாக்கி நின்றுபோன திருமணங்களை ஊர்ப் பெரியோர் அறிவர். இனங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டே என்று திருமறை கற்பிக்கும் சமூகத்தில் இது நிகழ்கிறது. ஜமாஅத்துப் பெரியோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய மறுப்புகள் தம் முன் வரும்போது வாய்மூடியிராமல் பெண் வீட்டார் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லுதல் வேண்டும்.

முன்னோரை அறியும் ஆவல் தீயதென்று நாம் கூறவில்லை; மாணவரிடம் அது பெருகவேண்டும் என்றே விழைகிறோம். எச்சில் குப்பிக்குச் செலவிடும் பணத்தில் பத்துப் பழைய பதிவேடுகளைப் படியெடுக்கலாம். பள்ளிவாசல்களின் நிக்காஹ் தப்தர்களில் மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள் ஆகியோரின் பெயர்கள் பட்டத்தோடு உள்ளன. ஒரே குடும்பத்தில் தந்தை லெப்பையாகவும் மகன் மரைக்காயராகவும் எழுதப்பட்ட இடங்கள் இருப்பின் அவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். கப்பல் கணக்குகளும் கடிதங்களும் பல வீடுகளில் அரபுத்தமிழ் எழுத்தில் முடங்கிக் கிடக்கின்றன. மையவாடிகளில் மீசான் கற்களின் எழுத்தை உப்புக்காற்று ஆண்டுதோறும் அரித்துவருகிறது. வரும் கோடை விடுமுறையில் மாணவர் இருவர் இருவராகத் தத்தம் ஊரில் இப்பணியைத் தொடங்கலாம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியோர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் இன்றியமையாதது. அவர்கள் இன்று ஊருக்கு ஓரிருவரே உளர். ஆடவர் பெயரை எழுதியபின் அவ்வீட்டின் மூத்த பெண்மணியிடம் அமர்ந்து, அவர்தம் உம்மா, உம்மாவின் உம்மா என மேலே எத்தனை பெயர்கள் நினைவில் உள்ளனவோ அத்தனையையும் கேட்டு எழுதிவருக. தப்தரில் அகப்படாத பெயர்கள் அவை.